அறுவடை இயந்திர இயக்க அமைப்புகளின் காப்புரிம ஆய்வு

அறுவடை இயந்திர இயக்க அமைப்புகளின் காப்புரிம ஆய்வு என்பது, தானியக் கதிர் அறுக்கும் இயந்திரங்களில் சக்கரம், இழுவை இயந்திரம் அல்லது எஞ்சினிலிருந்து கத்திக்கும் பிற உறுப்புகளுக்கும் ஆற்றலைக் கொண்டுசெல்லும் அமைப்புகள் புதியனவா, காப்புரிமம் பெறத் தக்கனவா என்று காப்புரிம அலுவலகம் ஆராயும் நடைமுறை ஆகும். பற்சக்கரம், வணரி, வார்ப்பட்டை, சங்கிலி போன்ற நெடுநாள் அறியப்பட்ட உறுப்புகளின் சேர்க்கையே இத்தகைய அமைப்பு ஆதலால், "பழைய உறுப்புகளின் சேர்க்கையில் புதுமை எங்கே தொடங்குகிறது?" என்பது இவ்வாய்வின் மையக் கேள்வியாக உள்ளது.

இக்கேள்வி 19 ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் சைரஸ் மெக்கார்மிக், ஓபெட் ஹஸ்ஸி ஆகியோரின் அறுவடை இயந்திரங்களை ஒட்டி முதன்முதலில் பெரிய அளவில் எழுந்தது. சக்கரத்தின் சுழற்சியைக் கத்தியின் முன்பின் அசைவாக மாற்றும் அமைப்பே அவ்வியந்திரங்களின் உயிர்ப்பகுதி. அப்பகுதியை உள்ளடக்கிய காப்புரிமங்கள் எவ்வித ஆய்வும் இன்றி வழங்கப்பட்டவை. அவை 1847 இறுதியிலும் 1848 இலும் காலாவதியான பின்னர், பிரிப்பான், இருக்கை போன்ற துணை உறுப்புகளைப் பற்றியே பெரும் வழக்குகள் நடைபெற்றன. இக்கட்டுரை அவ்வரலாற்றையும், அதிலிருந்து உருவான ஆய்வு நெறிகளையும் விளக்குகிறது.

நிலச்சக்கர இயக்கம்

தொடக்ககால அறுவடை இயந்திரங்களில் எஞ்சின் கிடையாது. குதிரைகள் இயந்திரத்தை இழுக்கும்போது நிலத்தில் உருளும் ஒரு பெரிய சக்கரமே ஆற்றல் மூலமாக அமைந்தது. இது முதன்மைச் சக்கரம் எனப்பட்டது. இயந்திரத்தின் எடையில் பெரும்பகுதி இச்சக்கரத்தின் மீது விழுமாறு அமைக்கப்பட்டதால், அது மண்ணில் வழுக்காமல் பிடிமானத்துடன் உருண்டது.

ஆற்றல் செல்லும் வழி பின்வருமாறு:

1. முதன்மைச் சக்கரம் உருளும்போது அதனுடன் இணைந்த பெரிய பற்சக்கரம் சுழலும்.
2. பெரிய பற்சக்கரம் ஒரு சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுவதால் சுழற்சி வேகம் கூடும்.
3. கூம்புப் பற்சக்கரங்கள் சுழற்சியின் திசையைச் செங்குத்தாகத் திருப்பி, வேகத்தை மேலும் கூட்டும்.
4. இறுதித் தண்டில் உள்ள வணரி, இணைப்புத் தண்டு வழியாகக் கத்தியை இடமும் வலமும் அசைக்கும்.
5. மெக்கார்மிக்கின் இயந்திரத்தில், கதிர்களைக் கத்தியின் பக்கம் சாய்க்கும் சுழற்சட்டமும் சக்கரத்தின் சுழற்சியிலிருந்து வார்ப்பட்டை மூலம் இயக்கப்பட்டது.

இவ்வமைப்பின் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் மூலம் அறியலாம். சக்கரத்தின் விட்டம் 90 செ.மீ., மொத்தப் பல் விகிதம் 1:20 எனக் கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இயந்திரம் ஏறத்தாழ 2.8 மீட்டர் முன்னேறும். அதற்குள் வணரி 20 சுற்றுகள் சுற்றும். எனவே வணரியின் ஒரு சுற்றுக்கு இயந்திரம் 14 செ.மீ. நகரும். ஒரு சுற்றில் கத்தி ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் செல்வதால், ஒவ்வொரு வீச்சுக்கும் 7 செ.மீ. முன்னேற்றம் நிகழும். குதிரை மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் வணரி நிமிடத்துக்கு ஏறத்தாழ 470 சுற்றுகள் சுற்றும். குதிரை மெதுவாக நடந்தால் கத்தியும் அதே விகிதத்தில் மெதுவாகும். ஆனால் ஒரு வீச்சுக்கு 7 செ.மீ. என்னும் அளவு மாறாது. அதாவது, வெட்டும் வேகமும் நகரும் வேகமும் பற்சக்கரங்களால் ஒன்றுடன் ஒன்று பிணைக்கப்பட்டுள்ளன.

இதே பிணைப்பு குறையாகவும் அமைந்தது. ஈரமான மண்ணில் சக்கரம் வழுக்கினால் கத்தியும் நின்றுவிடும். கத்தியில் வைக்கோல் அடைத்துக்கொண்டால் சக்கரம் உருளாமல் இழுபடும், அல்லது பற்கள் உடையும். அடைத்த வைக்கோலை அறுத்துத் தள்ளக் கத்திக்குக் கூடுதல் வேகம் கொடுக்கலாம் என்றால், குதிரைகள் முன்னே நகர்ந்தாலன்றி அது இயலாது. பின்வந்த கண்டுபிடிப்புகள் பலவும் இக்குறைகளைக் களையும் முயற்சிகளே.

முன்னோடிகள்

அறுவடை இயந்திரம் ஒருவரால் மட்டும் உருவாக்கப்பட்டதன்று. பிரித்தானியாவில் ஜோசப் பாய்ஸ் என்பவர் 1799 இல் அறுவடை இயந்திரத்துக்குக் காப்புரிமம் பெற்றார். 1822 அளவில் ஹென்றி ஓகில் என்னும் பள்ளி ஆசிரியர் முன்பின் அசையும் கத்தி கொண்ட இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். ஸ்காட்லாந்தில் சமயக் கல்வி மாணவராக இருந்த பாட்ரிக் பெல், 1828 இல் குதிரைகள் பின்னாலிருந்து தள்ளும் இயந்திரம் ஒன்றை வயலில் இயக்கிக் காட்டினார். அதில் நிலச்சக்கரம், பற்சக்கரங்கள், வணரி, கத்தரிக்கோல் போன்ற வெட்டலகுகள், சுழற்சட்டம், அறுத்த கதிர்களை ஒரு பக்கமாகக் கொண்டுசெல்லும் துணிப்பட்டை ஆகியவை இருந்தன. பெல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமம் பெறவில்லை.

காப்புரிமம் பெறாத இயந்திரமும் ஆய்வில் முக்கிய இடம் பெறுகிறது. ஓர் அமைப்பு முன்பே அச்சில் விவரிக்கப்பட்டிருந்தால், பின்னர் வரும் விண்ணப்பதாரர் அதைத் தமது கண்டுபிடிப்பு எனக் கோர முடியாது. இவ்வாறு முன்பே அறியப்பட்டவற்றின் தொகுதி முன்னறிவு எனப்படுகிறது.

ஆய்வற்ற காப்புரிமங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் 1790 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியுறவுச் செயலர், போர்ச் செயலர், தலைமை வழக்கறிஞர் ஆகியோர் விண்ணப்பங்களைத் தாமே ஆராய்ந்தனர். அலுவல் நெருக்கடி மிக்க இவர்களால் இப்பணியைத் தொடர இயலவில்லை. எனவே 1793 ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வை நீக்கியது. விண்ணப்பம், கட்டணம், விவரக்குறிப்பு ஆகியவை முறையாக இருந்தால் காப்புரிமம் பதிவு செய்து வழங்கப்பட்டது. அது செல்லுமா என்பதை வழக்கு வரும்போது நீதிமன்றமே தீர்மானித்தது.

இக்காலப்பகுதியிலேயே இரு அறுவடை இயந்திரங்களும் காப்புரிமம் பெற்றன. ஓபெட் ஹஸ்ஸி ஒகையோவில் 1833 ஜூலையில் தம் இயந்திரத்தைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டி, அதே ஆண்டு டிசம்பர் 31 இல் காப்புரிமம் பெற்றார். வர்ஜீனியாவைச் சேர்ந்த மெக்கார்மிக் 1831 இலேயே தம் இயந்திரத்தை வயலில் சோதித்திருந்தார். ஆயினும் காப்புரிமம் பெறவில்லை. ஹஸ்ஸியின் இயந்திரத்தைப் பற்றி 1834 இல் ஓர் இதழில் வெளிவந்த செய்தியைக் கண்டபின், தாமே முந்தியவர் என்று அவ்விதழுக்கு எழுதினார். 1834 ஜூன் 21 இல் அவருக்கும் காப்புரிமம் கிடைத்தது.

மெக்கார்மிக்கின் 1834 ஆம் ஆண்டுக் காப்புரிமம், வணரியால் முன்பின் அசைக்கப்படும் கத்தியைக் கொண்டு கதிர் அறுத்தலையும் தன் உரிமைக்கோரிக்கைகளில் உள்ளடக்கியது. ஹஸ்ஸியின் இயந்திரத்திலும் சக்கரத்தின் சுழற்சி பற்சக்கரங்கள், வணரி வழியாகவே கத்தியைச் சென்றடைந்தது. அவருடைய கத்தி முக்கோண அலகுகளால் ஆனது. பிளவுபட்ட காப்பு விரல்களின் ஊடே அது ஓடியது. ஆறு மாத இடைவெளியில் வழங்கப்பட்ட இவ்விரு காப்புரிமங்களையும் ஒன்றோடொன்றோ, ஓகில், பெல் ஆகியோரின் இயந்திரங்களோடோ ஒப்பிட்டு நோக்கும் கடமை எந்த அலுவலருக்கும் இருக்கவில்லை.

மிச்சிகனைச் சேர்ந்த ஹைரம் மூர், ஜான் ஹாஸ்கல் ஆகியோர் அறுத்தல், கதிரடித்தல் இரண்டையும் செய்யும் கூட்டு அறுவடை இயந்திரத்துக்கு 1836 ஜூன் 28 இல் காப்புரிமம் பெற்றனர். புதிய சட்டம் நிறைவேற ஆறு நாட்களே எஞ்சியிருந்தன. கதிரடிப்பு உருளை உட்பட அனைத்து உறுப்புகளையும் நிலச்சக்கரத்தின் ஆற்றலே இயக்கியதால், இவ்வியந்திரத்தை இழுக்கப் பல இணைக் குதிரைகள் தேவைப்பட்டன.

1836 ஆம் ஆண்டுச் சட்டம்

பதிவு முறையில் ஒரே பொருளுக்குப் பலர் காப்புரிமம் பெறுவதும், பிறர் கண்டுபிடிப்பை நகலெடுத்துப் பதிவு செய்வதும் பெருகின. செனட்டர் ஜான் ரகிள்ஸ் முன்னெடுத்த சீர்திருத்தத்தின் விளைவாக 1836 ஜூலை 4 இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கிய கூறுகள் வருமாறு:

* காப்புரிம அலுவலகம் ஆணையர் ஒருவரின் கீழ்த் தனி அமைப்பாக நிறுவப்பட்டது.
* தொழில்நுட்ப அறிவு கொண்ட தேர்வாளர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய வேண்டும். முன்பே கண்டுபிடிக்கப்பட்டதோ, காப்புரிமம் பெற்றதோ, அச்சில் விவரிக்கப்பட்டதோ ஆயின் விண்ணப்பம் மறுக்கப்படும்.
* தமது கண்டுபிடிப்பு எது என்பதை விண்ணப்பதாரர் தெளிவாக வரையறுத்துக் கோர வேண்டும்.
* காப்புரிமத்தின் காலம் 14 ஆண்டுகள். போதிய பயன் பெறாதவருக்கு மேலும் 7 ஆண்டுகள் நீட்டிப்பு வழங்கப்படலாம்.

புதிய எண் வரிசையில் முதலாம் எண் காப்புரிமம், 1836 ஜூலை 13 இல் ரகிள்ஸுக்கே வழங்கப்பட்டது. அது நீராவி இழுபொறியின் சக்கரம் வழுக்காமல் இருப்பதற்கான அமைப்பைப் பற்றியது. அறுவடை இயந்திரத்தின் நிலச்சக்கரமும் இதே சிக்கலை எதிர்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டு டிசம்பர் 15 இல் ஏற்பட்ட தீவிபத்தில் காப்புரிம அலுவலகத்தின் ஆவணங்களும் மாதிரிகளும் எரிந்தன. முந்தைய காப்புரிமங்களில் ஒரு பகுதியே பின்னர் உரியவர்களிடமிருந்த படிகளைக் கொண்டு மீட்டெடுக்கப்பட்டது. தேர்வாளர்கள் ஒப்பிட்டு நோக்க வேண்டிய முன்னறிவின் பெரும்பகுதி இவ்வாறு அழிந்தது.

1848 ஆம் ஆண்டு நீட்டிப்பு மறுப்பு

காப்புரிமத்தின் 14 ஆண்டுகளில் மெக்கார்மிக் பெற்ற பயன் சிறிது. 1842 இல் 7, 1843 இல் 29, 1844 இல் 50 இயந்திரங்களே விற்பனையாயின. இயந்திரத்தைச் சீர்செய்வதிலேயே முதல் ஆண்டுகள் கழிந்தன. 1847 இல் அவர் சிக்காகோவில் தொழிற்சாலை நிறுவி, விற்பனை பெருகத் தொடங்கிய வேளையில், காப்புரிமம் 1848 ஜூனில் முடிவடைய இருந்தது. எனவே அவர் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார்.

விண்ணப்பத்தை முடிவு செய்யும் குழுவில் வெளியுறவுச் செயலர், காப்புரிம ஆணையர், கருவூல வழக்குரைஞர் ஆகிய மூவர் இருந்தனர். பின்னர் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் புகேனன் அப்போது வெளியுறவுச் செயலராக இருந்தார். 1834 இல் எவரும் கேட்காத கேள்வி இப்போது எழுந்தது: கண்டுபிடிப்பில் முந்தியவர் யார்? ஹஸ்ஸியின் காப்புரிமம் நாளால் முந்தியது. மெக்கார்மிக்கின் சோதனை ஆண்டால் முந்தியது. 1831 ஆம் ஆண்டுச் சோதனையைப் பற்றி அவருடைய குடும்பத்தாரிடமும் அண்டை உழவர்களிடமும் சாட்சியங்கள் பெறப்பட்டன. இறுதியில் நீட்டிப்பு வழங்கப்படவில்லை. அமெரிக்கப் பேரவைக்கு அவர் அளித்த முறையீடுகளும் பயன் தரவில்லை. ஹஸ்ஸியோ உரிய காலத்துக்குள் விண்ணப்பிக்கத் தவறியதால் 1833 ஆம் ஆண்டுக் காப்புரிமத்துக்கு நீட்டிப்புப் பெறவில்லை.

இதன் விளைவாக, நிலச்சக்கரத்திலிருந்து பற்சக்கரம், வணரி வழியாகக் கத்தியை இயக்கும் அடிப்படை அமைப்பு பொதுவுடைமையாயிற்று. பல நிறுவனங்கள் அறுவடை இயந்திரங்களைச் செய்யத் தொடங்கின. உழவர்கள் ஒருவரிடமே வாங்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. மெக்கார்மிக்கிடம் எஞ்சியவை, ஆய்வு முறை வந்தபின் 1845 இலும் 1847 இலும் அவர் பெற்ற மேம்பாட்டுக் காப்புரிமங்களே.

நீதிமன்ற வழக்குகள்

சீமோர் வழக்கு

நியூயார்க் மாநிலத்தின் பிராக்போர்ட் ஊரில் இயந்திரங்கள் செய்த சீமோர், மோர்கன் நிறுவனத்தின் மீது மெக்கார்மிக் வழக்குத் தொடுத்தார். அறுத்த கதிர்களை மேடையிலிருந்து வாரித் தள்ளுபவர் அமரும் இருக்கையின் அமைப்பே இதில் சிக்கலாயிற்று. இயந்திரம் சமநிலை குலையாமலும், சுழற்சட்டத்துக்கு இடையூறு இன்றியும் இருக்கை வைக்கப்பட்ட முறையை 1847 ஆம் ஆண்டுக் காப்புரிமம் கோரியது. நடுவர் குழு 17,000 டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு வழங்கியது. உச்ச நீதிமன்றம் 1854 இல் இத்தீர்ப்பை மாற்றியது. மேம்பாட்டுக்கு மட்டும் காப்புரிமம் உள்ளபோது, முழு இயந்திரத்தின் ஆதாயத்தையும் இழப்பீடாகக் கணக்கிடலாகாது என்று அது கூறியது. இயந்திரத்தின் பிற உறுப்புகள் எவரும் செய்யத்தக்கவையாகிவிட்டன என்பதே இதன் அடிப்படை.

மேனி வழக்கு

இலினாய் மாநிலத்தின் ராக்போர்ட் ஊரைச் சேர்ந்த ஜான் மேனியின் நிறுவனம் மெக்கார்மிக்கின் வலிமையான போட்டியாளராக வளர்ந்தது. மெக்கார்மிக் 4,00,000 டாலர் கோரி வழக்குத் தொடுத்தார். அறுக்க வேண்டிய கதிர்களை நிற்கும் பயிரிலிருந்து பிரிக்கும் பிரிப்பான், சுழற்சட்டத்தைத் தாங்கும் கம்பம், வாருபவர் இருக்கை ஆகிய மூன்றும் தம் அமைப்பின் நகல்கள் என்பது அவர் வாதம்.

1855 செப்டம்பரில் சின்சினாட்டியில் இவ்வழக்கு கேட்கப்பட்டது. மேனியின் தரப்பில் ஜார்ஜ் ஹார்டிங், எட்வின் ஸ்டான்டன் ஆகியோர் வாதிட்டனர். உள்ளூர் வழக்கறிஞராக அமர்த்தப்பட்ட ஆபிரகாம் லிங்கன், ராக்போர்ட் சென்று இயந்திரத்தை நேரில் ஆராய்ந்து வாதத்தை ஆயத்தம் செய்திருந்தார். ஆனால் அவருக்கு வாதிட வாய்ப்பு அளிக்கப்படவில்லை; ஸ்டான்டன் அவரைப் புறக்கணித்தார். பின்னர் குடியரசுத் தலைவரான லிங்கன், அதே ஸ்டான்டனை 1862 இல் போர்ச் செயலராக அமர்த்தினார்.

நீதிபதி ஜான் மெக்லீன் 1856 ஜனவரியில் மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தார். அம்மாதமே மேனி இளம் வயதில் இறந்தார். அவருடைய பங்காளியான டால்காட்டின் பெயரால் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1857 டிசம்பர் அமர்வில் அந்நீதிமன்றமும் மெக்லீனின் தீர்ப்பை உறுதி செய்தது. நீதிபதி ராபர்ட் கிரியர் எழுதிய தீர்ப்பின் சாரம் வருமாறு: ஒருவகைக் கருவியை முதன்முதலில் படைத்தவர், அதே கோட்பாட்டில் இயங்கும் பிற வடிவங்களையும் தடுக்கலாம். அறியப்பட்ட கருவியின் வடிவத்தையோ சேர்க்கையையோ மட்டும் மாற்றியவர், வேறொரு வடிவத்தால் அதே பணியைச் செய்பவரைத் தடுக்க முடியாது. முன்னறிவு பெருகியுள்ள துறையில் காப்புரிமத்தின் எல்லை குறுகியது என்பதே இதன் பொருள்.

மெக்கார்மிக்கின் 1845 ஆம் ஆண்டுக் காப்புரிமத்துக்கு 1859 இலும், 1847 ஆம் ஆண்டுக் காப்புரிமத்துக்கு 1861 இலும் நீட்டிப்பு மறுக்கப்பட்டது. சட்ட உரிமை குறுகியபோதும் அவருடைய நிறுவனம் தவணை விற்பனை, விளம்பரம், உதிரி உறுப்பு வழங்கல் ஆகியவற்றால் சந்தையில் முன்னணியில் நின்றது. ஹஸ்ஸி 1847 இல் காப்பு விரல்களின் திறந்த பிளவுக்குத் தனிக் காப்புரிமம் பெற்றார். நறுக்கப்பட்ட துணுக்குகள் பிளவின் வழியே வெளியேறியதால் கத்தி அடைபடுவது குறைந்தது. சக்கரத்திலிருந்து வரும் ஆற்றல் வீணாவதும் பற்கள் உடைவதும் குறைந்தன. 1860 இல் ஹஸ்ஸி இறந்தார். முக்கோண அலகுகளும் பிளவுபட்ட விரல்களும் கொண்ட அவருடைய வெட்டும் முறையே பிற்காலக் கத்திச் சட்டங்களுக்கு அடிப்படையாயிற்று.

பெயர் இடம்பெறாத பங்களிப்பு

மெக்கார்மிக் குடும்பத்தால் அடிமையாக வைத்திருக்கப்பட்ட ஜோ ஆன்டர்சன் என்பவர் 1831 ஆம் ஆண்டு இயந்திரத்தை உருவாக்குவதில் உதவினார். சைரஸின் தந்தை ராபர்ட் மெக்கார்மிக்கும் பல ஆண்டுகள் அறுவடை இயந்திரம் செய்ய முயன்றவர். காப்புரிமத்தில் இவ்விருவர் பெயரும் இல்லை. ஆன்டர்சனைப் பொறுத்தவரை அக்காலச் சட்டமும் தடையாக இருந்தது. அடிமை ஒருவரின் கண்டுபிடிப்புக்கு அவரோ, அவருடைய உரிமையாளரோ காப்புரிமம் பெற இயலாது என்று 1858 இல் தலைமை வழக்கறிஞர் ஜெரமையா பிளாக் கருத்துரைத்தார். யார் கண்டுபிடித்தார் என்பதை ஆராயும் முறை, சிலரைக் கண்டுபிடிப்பாளராகக் கருதவே மறுத்தது.

நிலச்சக்கரத்துக்குப் பின்

20 ஆம் நூற்றாண்டில் ஆற்றல் மூலம் மாறியபோது, ஆய்வுக்கு வந்த அமைப்புகளும் மாறின. 1918 அளவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் திறன் வெளியீட்டுத் தண்டு கொண்ட இழுவை இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெக்கார்மிக் நிறுவனமும் வேறு சிலவும் 1902 இல் இணைந்து உருவானதே இந்நிறுவனம். இத்தண்டு எஞ்சினின் ஆற்றலை நேரடியாக அறுவடை இயந்திரத்துக்குக் கொடுத்தது. வண்டி நின்றாலும் கத்தி ஓடும் நிலை ஏற்பட்டது. நிலச்சக்கரத்தின் பிணைப்பு அறுந்தது. இத்தண்டின் வேகம் பின்னர் நிமிடத்துக்கு 540 சுற்றுகள் எனத் தரப்படுத்தப்பட்டது.

தானே இயங்கும் கூட்டு அறுவடை இயந்திரங்களில், 1941 இல் வெளிவந்த மாசி ஹாரிஸ் 21 பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே எஞ்சின் சக்கரங்களையும், கத்தியையும், கதிரடிப்பு உருளையையும், சலிப்பான்களையும் இயக்க வேண்டும். பயிர் அடர்ந்த இடத்தில் வண்டி மெதுவாகச் செல்ல வேண்டும்; கதிரடிப்பு உருளையோ வேகம் குறையாமல் சுழல வேண்டும். இதற்காக விகிதம் மாற்றத்தக்க வார்ப்பட்டைகளும், பின்னர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் செலுத்தங்களும் உருவாயின. முன்னர் வேகங்களை ஒன்றாகப் பிணைப்பது நோக்கமாக இருந்தது. இப்போது அவற்றைப் பிரித்து ஆள்வது நோக்கமாயிற்று.

இன்றைய ஆய்வு முறை

1971 ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கையின் கீழ் அமைந்த பன்னாட்டுக் காப்புரிம வகைப்பாட்டில், அறுவடை, புல்வெட்டு ஆகியவை ஏ01டி பிரிவில் அடங்கும். அதில் 69 ஆம் தொகுதி அறுவடை இயந்திரங்களின் இயக்க அமைப்புகளுக்கு உரியது. கதிரடிப்பு ஏ01எஃப் பிரிவிலும், பொதுவான பற்சக்கரச் செலுத்தங்கள் எஃப்16எச் பிரிவிலும் உள்ளன. தேர்வாளர் இவை அனைத்திலும் தேடவேண்டும். ஏனெனில் அறுவடை இயந்திரத்தில் புதியதாகத் தோன்றும் செலுத்தம், வேறு துறையின் இயந்திரத்தில் நெடுநாள் பழக்கத்தில் இருந்திருக்கலாம்.

தேர்வாளர் எழுப்பும் முதன்மைக் கேள்விகள் மூன்று:

* புதுமை: உரிமைக்கோரிக்கையின் எல்லா உறுப்புகளும் ஒரே முன்னாவணத்தில் காணப்படுகின்றனவா?
* கண்டுபிடிப்புப் படிநிலை: புதியதே ஆயினும், அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக்கூடியதா?
* விளக்க நிறைவு: விவரக்குறிப்பைப் படித்து, தேர்ந்த ஒருவர் அவ்வமைப்பைச் செய்ய இயலுமா?

இரண்டாம் கேள்வி அமெரிக்காவில் 1851 ஆம் ஆண்டுக் கதவுக் குமிழ் வழக்கில் வேர்கொண்டது. குமிழின் பொருளை மட்டும் மாற்றுவது தேர்ந்த கைவினைஞரின் வேலையே, கண்டுபிடிப்பாளரின் வேலையன்று என்று அவ்வழக்கில் கூறப்பட்டது. 1952 ஆம் ஆண்டுச் சட்டம் இதை விதியாக்கியது. வண்டியின் மிதிகட்டையைப் பற்றிய 2007 ஆம் ஆண்டு வழக்கில், அறியப்பட்ட உறுப்புகளை அறியப்பட்ட முறையில் சேர்த்து எதிர்பார்த்த பயனையே பெறும் சேர்க்கை வெளிப்படையானதாகவே இருக்கக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இயக்க அமைப்புகளில் இவ்வேறுபாட்டை எளிதில் காணலாம். சங்கிலிக்குப் பதில் வார்ப்பட்டையை வைப்பது பொதுவாகப் பட்டறை மாற்றமே. அடைப்பு ஏற்படும்போது கத்தியை மட்டும் விடுவித்து, கதிரடிப்பு உருளையைத் தொடர்ந்து சுழலவிடும் புதிய இணைப்பு ஒன்று உருவாக்கப்பட்டால், உறுப்புகள் பழையனவே ஆயினும், அவை ஒன்றன்மேல் ஒன்று செயற்பட்டுத் தரும் பயன் புதியதாக இருக்கலாம். அத்தகைய பயனை விவரக்குறிப்பு காட்டுகிறதா என்பதையே தேர்வாளர் நோக்குகிறார்.

இவற்றையும் பார்க்க

* சைரஸ் மெக்கார்மிக்
* கூட்டு அறுவடை இயந்திரம்
* பற்சக்கரம்
* வணரி
* காப்புரிமம்